மீட்டரை ஒளியை வைத்து வரையறுத்தால், ஒளியின் வேகத்தை எதை வைத்து அளந்தார்கள்?

கேள்வி இதுதான்: "ஒளி வெற்றிடத்தில் 1/29,97,92,458 வினாடியில் கடக்கும் தூரம் ஒரு மீட்டர் என்று பதினோராம் வகுப்பில் படித்தேன். ஒளியின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லவே முதலில் மீட்டர் தெரிந்திருக்க வேண்டுமே? இது கோழி முந்தியா முட்டை முந்தியா கதையாக இருக்கிறதே. அந்த எண் எங்கிருந்து வந்தது, 30 கோடி என்று முழுசாக ஏன் வைக்கவில்லை? கிலோகிராமையும் இப்படித்தான் மாற்றிவிட்டார்களாம், அது எப்படி?"

இந்தச் சந்தேகம் வராமல் அந்தப் பாடத்தைக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். நியாயமான சந்தேகம், முழுதாகவே பதில் சொல்கிறேன்.

சுருக்கமான பதில்: கோழி–முட்டை இல்லை. அந்த எண்ணை அளந்த காலத்தில் மீட்டருக்கு வேறு வரையறை இருந்தது. பழைய மீட்டரை வைத்து ஒளியின் வேகத்தை அளந்தார்கள், வந்த எண்ணை 1983-இல் பூட்டினார்கள். பூட்டிய நாளிலிருந்து அந்த எண் அளக்கப்படுவதில்லை, அது ஒரு முடிவு. மீட்டர்தான் அதிலிருந்து வருகிறது. ஏன் அப்படித் தலைகீழாக மாற்றினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1960 முதல் 1983 வரை மீட்டர் என்றால், கிரிப்டான்-86 அணு வெளியிடும் ஆரஞ்சு கலந்த சிவப்பு ஒளியின் அலைநீளத்தைப் போல 16,50,763.73 மடங்கு. அந்தக் காலகட்டத்தில், 1972-இல், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் இருந்த அரசுத் தர ஆய்வகத்தில் கென்னத் எவன்சன் குழுவினர் மீத்தேன் வாயுவால் நிலைப்படுத்திய ஒரு ஹீலியம்–நியான் லேசரை எடுத்துக்கொண்டார்கள். அதன் அதிர்வெண்ணை சீசியம் அணுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்தார்கள், அதே லேசரின் அலைநீளத்தை கிரிப்டான் மீட்டரோடு ஒப்பிட்டு அளந்தார்கள். அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் வேகம், இது பள்ளிக்கூடச் சூத்திரம். விடை வினாடிக்கு 29,97,92,456.2 மீட்டர், கூடவோ குறையவோ 1.1 மீட்டர்.

அந்த 1.1 மீட்டர் ஐயம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதிர்வெண் பக்கம் பெரிய பிரச்சினை இல்லை. அலைநீளத்தை மீட்டரில் சொல்லப் போனபோதுதான் சிக்கல், ஏனென்றால் கிரிப்டானின் அந்த ஒளிக்கோடு முழுக்கச் சமச்சீராக இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதன் உச்சியை மையமாக எடுப்பதா, பரப்பின் நடுவை எடுப்பதா என்பதைப் பொறுத்து விடை நகரும். அதாவது அளக்கப்படும் பொருளான ஒளியின் வேகம் கூர்மையாக இருக்கிறது, அளக்கிற கோலான மீட்டர்தான் மங்கலாக இருக்கிறது. இதற்கு மேல் எத்தனை நல்ல கருவி கட்டினாலும் பயனில்லை, ஏனென்றால் கோளாறு கருவியில் இல்லை, மீட்டரின் வரையறையில் இருக்கிறது.

இந்த நிலை வந்ததும் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான்: இடத்தை மாற்றிக்கொள்வது. எது அசையாமல் நிற்கிறதோ அதைக் கோலாக்கிவிட்டு, இதுவரை கோலாக இருந்ததை அளக்கப்படும் பொருளாக்கிவிட வேண்டும். 1975-இல் எடை அளவைகளுக்கான பொது மாநாடு 29,97,92,458 என்ற மதிப்பைப் பரிந்துரைத்தது, 1983-இல் 17-ஆவது மாநாடு அதையே வரையறையாக்கியது. அன்றிலிருந்து ஒளியின் வேகத்துக்குப் பிழை வரம்பு பூஜ்யம். கிரிப்டான் ஒளியின் அலைநீளம் மற்ற அலைநீளங்களைப் போல அளந்து சொல்லவேண்டிய ஒன்றாகிவிட்டது. அடிப்படை அலகுகளின் வரலாற்றில் இந்த ஒரே காரியம்தான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. வினாடிக்கு நடந்தது, மீட்டருக்கு நடந்தது, கடைசியாகக் கிலோகிராமுக்கு.

30 கோடி என்று ஏன் வைக்கவில்லை? வைத்திருக்கலாம், இயற்பியல் தடுக்காது. ஆனால் மீட்டர் 0.69 மில்லிமீட்டர் குட்டையாகியிருக்கும். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு 69 சென்டிமீட்டர் வித்தியாசம். உலகத்தில் உள்ள எல்லா நிலப் பதிவும், எல்லா இயந்திர வரைபடமும், எல்லாத் திருகும் நட்டும் ஒரே நாளில் பழைய மீட்டர், புதிய மீட்டர் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். பட்டறையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை போடுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆகவே வரையறையை மாற்றும்போது கடைப்பிடிக்கும் முதல் விதி, பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் பழைய அளவின் ஐயத்துக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது. மாற்றம் நடந்தது யாருக்கும் தெரியக் கூடாது. அந்த அசிங்கமான எண், தொடர்ச்சிக்காகக் கொடுத்த விலை.

அந்தத் தொடர்ச்சியைப் பிடித்துப் பின்னால் போனால் பிரெஞ்சுப் புரட்சியில் போய் நிற்போம். 1791-இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த முடிவு, வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்பது. எந்த அரசனின் கையும் காலும் அதில் இல்லை, எல்லா மக்களுக்கும் பொதுவான பூமியே கோல் என்பது அவர்களுடைய ஆசை. உயர்ந்த ஆசைதான். டெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு வானியலாளர்கள் டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை புரட்சிக்கும் போருக்கும் நடுவில் ஆண்டுக்கணக்கில் அலைந்து அளந்தார்கள். 1799-இல் பிளாட்டினத்தில் ஒரு கோல் செய்து ஆவணக் காப்பகத்தில் வைத்தார்கள். பின்னால் பார்த்தால் அது சுமார் 0.2 மில்லிமீட்டர் குட்டை, பூமி துருவத்தில் எவ்வளவு தட்டை என்று எடுத்துக்கொண்ட கணக்கு சரியில்லை. அதற்காகக் கோலை மாற்றவில்லை. பூமியைக் கைவிட்டு, அந்தக் கோலையே மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள்.

1875 மே 20-இல் 17 நாடுகள் பாரிசில் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி பாரிசை ஒட்டிய செவ்ர் என்ற ஊரில் பன்னாட்டு எடை அளவை நிறுவனம் அமைந்தது. 1889-இல் அங்கே புதிய மீட்டர் கோல் வந்தது: 90 சதவீதம் பிளாட்டினம், 10 சதவீதம் இரிடியம், வளையாமல் இருக்க ஆங்கில எக்ஸ் எழுத்து வடிவக் குறுக்குவெட்டு. அதன்மேல் கீறிய இரண்டு மெல்லிய கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம்தான் மீட்டர். ஆனால் 'கோலின் நீளம்' என்று சொன்னால் மட்டும் போதவில்லை. உலோகம் சூட்டில் நீளும், அதனால் பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்றார்கள். தன் எடையிலேயே கோல் தொய்யும், அதனால் 1927-இல், 571 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு உருளைகள் மேல் அது கிடக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஒரு பொருளைப் பார்த்து 'இதுதான் அளவு' என்று கை காட்டினால் இந்த வால்கள் முளைத்துக்கொண்டே போகும். கடைசியில் அந்தக் கீறலுக்கே ஒரு அகலம் இருக்கிறது, அதற்கும் கீழே துல்லியம் போகாது.

வினாடியின் கதையும் இதே போக்குதான், ஆனால் கோலாக இருந்தது பூமியின் சுழற்சி. ஒரு நாளை 86,400-ஆல் வகுத்தால் வினாடி. நிலவு ஏற்படுத்தும் கடல் ஏற்ற இறக்கத்தின் (ஓதங்களின்) உராய்வால் பூமி மெல்ல மெல்ல வேகம் குறைகிறது, அதோடு சில சமயம் கொஞ்சம் கூடவும் செய்கிறது, அதாவது கடிகாரம் சீராக ஓடவில்லை. முதலில் பூமி சூரியனைச் சுற்றும் காலத்துக்குத் தாவினார்கள். அதற்குள் 1955-இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் எசனும் பாரியும் சீசியம் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தார்கள். வானத்தைப் பார்த்து எடுத்த வினாடிக்குள் சீசியம் எத்தனை முறை அதிர்கிறது என்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் மார்க்கோவிட்சோடு சேர்ந்து எசன் சில ஆண்டுகள் ஒப்பிட்டார். விடை 9,19,26,31,770, கூடவோ குறையவோ 20. 1967-இல் அந்தக் 'கூடவோ குறையவோ'வை எடுத்துவிட்டு எண்ணைப் பூட்டினார்கள். அந்த 20 எங்கே போனது என்று கேட்டால், நட்சத்திரம் பார்க்கிறவர்கள் தலையில் போய் விழுந்தது. இனி பூமி எத்தனை வினாடியில் சுற்றுகிறது என்பதை அவர்கள்தான் அளந்து சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. எசன் ஒப்பிட்ட வானியல் வினாடி, 18, 19-ஆம் நூற்றாண்டு நோக்கல்களை வைத்துப் போட்ட அட்டவணைகளிலிருந்து வந்தது. ஆகவே நம் கைபேசியில் இன்று ஓடுகிற வினாடி, ஏறத்தாழ 1820-இல் பூமி சுழன்ற வேகத்துக்குப் பொருத்தமானது. அதற்கப்புறம் பூமி கொஞ்சம் தளர்ந்துவிட்டதால் 1972-க்கும் 2016-க்கும் இடையில் 27 முறை ஒரு வினாடியைக் கூட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது. கணினி வலையமைப்புகளுக்கு இது பெரிய தலைவலி என்பதால், 2035-க்குள் இந்த ஏற்பாட்டைத் தளர்த்துவது என்று 2022-இல் மாநாடு முடிவெடுத்தது.

சரி, கிலோகிராம். மீட்டர் பொருளைவிட்டு ஒளிக்குப் போன பிறகும், வினாடி அணுவுக்குப் போன பிறகும், 2019 வரை கிலோகிராம் மட்டும் ஒரு உலோகத் துண்டாகவே இருந்தது. சுமார் 39 மில்லிமீட்டர் உயரம், அதே அளவு விட்டம், கைக்குள் அடங்கும் ஒரு பிளாட்டினம்–இரிடியம் உருளை. செவ்ர் நிலவறையில், கண்ணாடிக் குடுவைக்குள் குடுவையாகக் கவிழ்த்து மூடிய பெட்டகத்தில் இருந்தது. திறக்க மூன்று சாவிகள் வேண்டும், மூன்றும் மூன்று வெவ்வேறு பொறுப்பாளர்களிடம். எடுத்தால் ஆல்கஹாலும் ஈதரும் நனைத்த மான்தோலால் துடைத்து, இருமுறை வடித்த நீரின் ஆவியில் கழுவிய பிறகுதான் தராசில் வைப்பார்கள். 1889-க்குப் பிறகு அதை வெளியே எடுத்து உலக நாடுகளிடம் இருந்த அதன் படிகளோடு (நகல்களோடு) முறையாக ஒப்பிட்டது மிகச் சில தடவைதான், ஏனென்றால் தொட்டாலே தேயும்.

1990-ஐ ஒட்டி நடந்த ஒப்பீட்டில் சங்கடமான ஒன்று தெரிந்தது. அதே உலோகத்தில், அதே காலத்தில் செய்த அதிகாரபூர்வப் படிகள், நூறாண்டில் மூல உருளையைவிடச் சராசரியாகச் சுமார் 50 மைக்ரோகிராம் கூடியிருந்தன. படிகள் கூடினவா, மூலம் குறைந்ததா? கேள்விக்குப் பதிலே கிடையாது. வரையறைப்படி அந்த உருளையின் நிறை எப்போதும் சரியாக ஒரு கிலோகிராம். அது தேய்ந்தால், 'பிரபஞ்சத்தில் மற்ற எல்லாம் எடை கூடிவிட்டது' என்றுதான் சட்டப்படி சொல்ல வேண்டும். கத்தரிக்காய் வாங்குகிறவருக்கு 50 மைக்ரோகிராம் ஒன்றுமில்லை. ஆனால் நியூட்டன், பாஸ்கல், ஜூல், வாட், வோல்ட், பழைய ஆம்பியர் என எல்லாமே கிலோகிராமில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு நிலவறைக்குள் இருக்கும் உலோகம் அரித்தால் மின்சார அலகுகளும் சேர்ந்து நகரும் என்பதை எந்த இயற்பியலாளராலும் நிம்மதியாக ஏற்க முடியாது.

பதிலாக எதைக் கோலாக்குவது? பிளாங்க் மாறிலியை, அதாவது ஒளித்துகளின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணோடு இணைக்கும் எண்ணை. இங்கேதான் நிறையப் பேர் திகைக்கிறார்கள், 'குவாண்டம் எண்ணுக்கும் எடைக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்' என்று. அலகைப் பாருங்கள். பிளாங்க் மாறிலியின் அலகு ஜூல்–வினாடி, பிரித்தால் கிலோகிராம் × மீட்டரின் வர்க்கம் ÷ வினாடி. இதில் வினாடியைச் சீசியம் கட்டிவிட்டது, மீட்டரை ஒளி கட்டிவிட்டது. அப்படியிருக்கப் பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ என்று நாம் பூட்டினால், கிலோகிராமுக்கு நகர இடமே இல்லை, அது தானாக நின்றுவிடுகிறது. ஒளியின் வேகத்தில் செய்த அதே வேலைதான், ஒரு படி கூடுதல்.

இதைத் தாளில் சொல்வது சுலபம், உண்மையான ஒரு கிலோ கல்லை இந்த எண்ணோடு கட்டிவைக்க ஒரு கருவி வேண்டும். அதை 1975-இல் இங்கிலாந்தில் யோசித்தவர் பிரையன் கிபிள், இப்போது அவர் பெயரிலேயே கிபிள் தராசு என்கிறார்கள். ஒரு பக்கம் கல்லை வையுங்கள். அதன் எடையைத் தாங்க எதிர்க்கல் கிடையாது, காந்தப்புலத்தில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள்தான் தாங்குகிறது. சுருளில் மின்னோட்டம் விட்டு, விசை சமமாகும் வரை கூட்ட வேண்டும். அப்போது நிறை × ஈர்ப்பு முடுக்கம் = காந்தப்புலம் × கம்பியின் நீளம் × மின்னோட்டம். காந்தப்புலத்தையும் சுருட்டிய கம்பியின் நீளத்தையும் போதிய துல்லியத்தில் அளக்க முடியாது, எல்லோரும் முட்டிக்கொண்ட இடம் அதுதான். கிபிளின் யோசனை அழகானது: கல்லை எடுத்துவிடு, மின்னோட்டத்தை நிறுத்து, அதே சுருளை அதே காந்தத்தில் சீரான வேகத்தில் மேலும் கீழும் நகர்த்து. இப்போது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். அது அதே காந்தப்புலம் × அதே நீளம் × வேகம். இரண்டு சமன்பாட்டையும் வகுத்தால் அளக்க முடியாத அந்த இரண்டும் வெட்டுப்பட்டுப் போகின்றன. மிஞ்சுவது நிறை × ஈர்ப்பு முடுக்கம் × வேகம் = மின்னழுத்தம் × மின்னோட்டம். ஒரு பக்கம் இயந்திரத் திறன், மறுபக்கம் மின் திறன்.

அப்புறம் பிளாங்க் எங்கே வருகிறார்? மின் பக்கத்தில். மின்னழுத்தத்தை ஜோசப்சன் விளைவைக் கொண்டு (மீகடத்திச் சந்தியில் மின்னழுத்தம் அதிர்வெண்ணோடு கட்டுப்பட்டு நிற்பது) அளக்கிறார்கள், அதில் பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் வருகின்றன. மின்னோட்டத்தை, அது ஒரு மின்தடையில் உண்டாக்கும் மின்னழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அந்த மின்தடையை குவாண்டம் ஹால் விளைவைக் கொண்டு (காந்தப்புலத்தில் மெல்லிய குறைகடத்தியின் மின்தடை படிப்படியாக மட்டுமே மாறுவது) அளக்கிறார்கள். 1980-இல் கிளாவ்ஸ் வான் கிளிட்சிங் கண்டது, 1985-இல் நோபல் பரிசு. அதிலும் அதே இரண்டு மாறிலிகள், வேறு விகிதத்தில். திறனைக் கணக்கிடும்போது எலக்ட்ரான் மின்னூட்டம் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, பிளாங்க் மாறிலி மட்டும் அதிர்வெண்களோடு நிற்கிறது. இந்த வரியைத் தாளில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், மூன்றே வரிதான். ஒரு எடைக்கல் நேரடியாகக் குவாண்டம் மாறிலியோடு சமன்பாட்டில் உட்காருவதைப் பார்ப்பது இயற்பியல் தரும் பெரிய சந்தோஷங்களில் ஒன்று என்பேன். ஈர்ப்பு முடுக்கம் ஊருக்கு ஊர் மாறுமே என்று கேட்பீர்கள். பூமத்திய ரேகையில் 9.780, துருவத்தில் 9.832. அதனால் தராசு இருக்கும் அதே அறையில், வெற்றிடக் குழாயில் ஒரு கண்ணாடிப் பட்டகத்தை விழவிட்டு, லேசரால் அதன் வீழ்ச்சியை அளந்து, அந்த இடத்து மதிப்பையே பயன்படுத்துகிறார்கள்.

இது ஒரு வழி. வேறொரு குழு முற்றிலும் வேறு பாதையில் வந்தது: கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கான்-28 மட்டுமே உள்ள படிகத்தை ஒரு கிலோ எடையுள்ள, சுமார் 94 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளமாக மெருகிட்டு, எக்ஸ் கதிரால் அணுக்களின் இடைவெளியை அளந்து, உள்ளே எத்தனை அணு இருக்கிறது என்று எண்ணினார்கள். சுமார் 2.15 × 10²⁵. இரண்டு வழிகளும் ஒத்துப்போகிற வரை உலகம் காத்திருந்தது. ஒரே முறையில் வந்த விடையை நம்பிக் கிலோகிராமைக் கட்ட மாட்டோம், தனித்தனியான முயற்சிகள் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கனடாவின் தராசு 10 கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான ஐயத்தோடு அளந்தது. 2018 நவம்பர் 16-இல் வெர்சாயில் 26-ஆவது மாநாடு வாக்களித்தது, 2019 மே 20 முதல் நடைமுறை. மீட்டர் உடன்படிக்கை கையெழுத்தான அதே தேதி.

இப்போது முக்கியமான இடம். வரையறையை மாற்றினால் ஐயம் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. 2019 மே 19 வரை செவ்ர் உருளையின் நிறை ஐயமே இல்லாத ஒரு கிலோகிராம், பிளாங்க் மாறிலிதான் அளந்து பெற்ற எண். மறுநாள் பிளாங்க் மாறிலி துல்லியம், அந்த உருளைக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் ஐயம் ஏறியது. அதேபோல நீரின் மும்மைப்புள்ளி (பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் வெப்பநிலை) சரியாக 273.16 கெல்வினாக இருந்தது, இப்போது அது அளந்து சொல்லும் வெப்பநிலை. கார்பன்-12 ஒரு மோல் சரியாக 12 கிராமாக இருந்தது, இப்போது 'கிட்டத்தட்ட' 12 கிராம். இதைப் புரிந்துகொண்டால் "இந்த மாறிலியை இவ்வளவு துல்லியமாக எப்படி அளந்தார்கள், பிழையே இல்லை என்று போட்டிருக்கிறதே" என்ற கேள்வி எழாது. அதை யாரும் அளக்கவில்லை, தீர்மானித்தார்கள்.

மற்ற நான்கையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்பியர் முன்பு, வெற்றிடத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் முடிவில்லாத நீளமுள்ள இரண்டு கம்பிகள், அவற்றுக்கிடையே மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் விசை என்று இருந்தது. முடிவில்லாத கம்பிக்கு எங்கே போவது? இப்போது எலக்ட்ரான் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று பூட்டியாயிற்று, ஆம்பியர் என்பது வினாடிக்கு இத்தனை மின்னூட்டம் கடப்பது, அவ்வளவுதான். வெப்பநிலை அலகான கெல்வின், வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலிக்குப் போனது. முன்பு நீரை வைத்திருந்தபோது எந்தக் கடல் நீர், அதில் கன ஹைட்ரஜன் எவ்வளவு என்று 2005-இல் விளக்கம் எழுதவேண்டி வந்தது, மீட்டர் கோலுக்கு முளைத்த வாலைப் போலவே. மோல் வெறும் எண்ணிக்கை, 6.02214076 × 10²³. ஒளிச்செறிவின் அலகான கேண்டெலா மனிதக் கண்ணின் உணர்திறனைச் சார்ந்தது, பச்சை ஒளிக்கு ஒரு எண்ணைப் பூட்டியிருக்கிறார்கள். அடிப்படை அலகுகளின் பட்டியலில் அது ஏன் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு, வரலாற்றுக் காரணம்தான். ஏழு என்ற எண்ணிக்கையே இயற்கை கொடுத்தது கிடையாது, நாம் வசதிக்கு வைத்துக்கொண்டது.

வரையறை வேறு, அதை நடைமுறையில் உண்டாக்குவது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். வினாடியில் 29 கோடியே சொச்சத்தில் ஒரு பங்கை யாரும் நிறுத்துகடிகாரம் வைத்து எடுப்பதில்லை. அயோடினால் நிலைப்படுத்திய ஹீலியம்–நியான் லேசரின் அதிர்வெண் தெரியும், ஒளியின் வேகம் பூட்டிய எண், ஆக அலைநீளம் கிடைத்துவிடும். அந்த அலைநீளத்தைக் கொண்டு குறுக்கீட்டுமானியில் ஸ்லிப் கேஜ் எனும் எஃகுத் துண்டுகளை அளக்கிறார்கள், அந்தத் துண்டுகளோடு ஒப்பிட்டுத்தான் பட்டறையின் மைக்ரோமீட்டர் சரிபார்க்கப்படுகிறது. நடுவில் காற்று இருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.00027 என்பதால், திருத்தம் போடாவிட்டால் மீட்டருக்கு கால் மில்லிமீட்டருக்கு மேல் பிழை.

எடைக்கும் இதே சங்கிலிதான். இந்தியாவுக்கு வந்த கிலோகிராம் படி 57-ஆம் எண், டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அங்கிருந்து பெங்களூரு போன்ற ஊர்களில் உள்ள வட்டார ஆய்வகங்களுக்கும், அங்கிருந்து மாநில அரசின் தரக் கற்களுக்கும், கடைசியாக முத்திரை ஆய்வாளர் கடைத் தராசிலும் எடைக்கல்லிலும் குத்தும் முத்திரைக்கும் சங்கிலி இறங்குகிறது. 2019-இல் அந்தச் சங்கிலியின் உச்சிக் கண்ணி உலோகத்திலிருந்து எண்ணுக்கு மாறியது. கீழே எந்தக் கல்லையும் மாற்றவேண்டி வரவில்லை, வரக்கூடாது என்றுதானே அத்தனை கவனமாக எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு வழக்கமாக வரும் துணைக்கேள்வி: "ஒளியின் வேகம் நாளைக்கு மாறினால்?" மீட்டர் அலகில் அது மாறியதாக ஒருபோதும் தெரியாது, ஏனென்றால் கோலும் கூடவே மாறும். ஆனால் இயற்கை மாறினால் மறைக்க முடியாது. அலகே இல்லாத எண்கள் இருக்கின்றன. மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் நுண்ணமைப்பு மாறிலி, சுமார் 1/137.036, அதில் ஒன்று. அதை எந்த அலகில் அளந்தாலும் அதே எண்தான் வர வேண்டும். இரண்டு வேறு வகை அணுக் கடிகாரங்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு அது நகர்கிறதா என்று தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தக் கடிகாரங்கள்தான் அடுத்த மாற்றத்தையும் கொண்டுவரப் போகின்றன. ஸ்ட்ரான்ஷியம், இட்டெர்பியம் அணுக்களைக் கொண்டு ஒளி அதிர்வெண்ணில் ஓடும் கடிகாரங்கள் சீசியத்தைவிட நூறு மடங்குக்கு மேல் கூர்மையாகிவிட்டன. தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் ஈர்ப்பால் நேரம் ஓடுவதில் வரும் வித்தியாசம்கூட அவற்றின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஸ்ட்ரான்ஷியத்தின் அதிர்வெண்ணை இன்று ஹெர்ட்சில் எழுதினால், அதில் உள்ள ஐயம் பெரும்பாலும் சீசியத்துடையது. 1972-இல் கிரிப்டான் நின்ற அதே இடத்தில் இப்போது சீசியம் நிற்கிறது. வினாடியின் வரையறை மாறும்போது 9,19,26,31,770 என்ற எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு 'கூடவோ குறையவோ' வந்து சேரும்.

தேர்வுக்கு என்ன எழுதுவது என்றால், உங்கள் பாடநூல் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பில் கிலோகிராமுக்கு உருளையும் ஆம்பியருக்கு இரண்டு கம்பிகளும் இருக்கும், புதிய வரையறையை எழுதுவதே சரி. கணக்குப் போடும்போது மட்டும் கவலை வேண்டாம்: காந்த உட்புகுதிறனுக்கு 4 பை × 10⁻⁷ என்றே போடுங்கள், அளந்த மதிப்பு அதிலிருந்து விலகுவது பத்தாவது இலக்கத்தில்தான்.